ஒரே பெட்டிக்குப் பல நிழல்கள்: சிஎஸ்எஸ் நிழல் அடுக்குகள், படிப்படியாக

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சேலைக்கடை ஒன்றுக்கு இணையப் பக்கம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பொருள் அட்டை. மேலே சேலையின் படம், கீழே பெயர், ரூ. 12,500 என்று விலை, "கூடையில் சேர்" என்று ஒரு பொத்தான். அட்டை பக்கத்திலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்க வேண்டும். மவுஸ் மேலே வந்தால் இன்னும் கொஞ்சம் எழும்ப வேண்டும். பொத்தானை அழுத்தினால் அது உள்ளே போக வேண்டும். இவ்வளவையும் சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில், நிழலை வைத்தே செய்துவிடலாம், படக்கோப்பு எதுவும் தேவையில்லை.

வகுப்புக்கு வருபவர்கள் ஒரு நிழலைச் சிரமமில்லாமல் போட்டுவிடுவார்கள். இரண்டாவதைச் சேர்க்கும்போதுதான் திணறல் ஆரம்பிக்கும். நான் பார்த்த திணறல்களில் பெரும்பாலானவை ஓரிடத்திலிருந்து வருபவை: காற்புள்ளி போட்டு எத்தனை நிழல் எழுதினாலும், பிரவுசருக்கு அது முழுவதும் ஒரே ஒரு மதிப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள்.

ஒரு சின்ன விஷயம். படிக்க வசதியாக நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் வழமைபோல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பிஎக்ஸ் என்றால் பிக்சல் அலகு.

1. தொடங்குமுன் முடித்து வைக்க வேண்டியவை

முதலில் அட்டையின் மூலை வளைவை முடிவு செய்யுங்கள். நிழல் பார்டர்-ரேடியஸைப் பின்பற்றித்தான் விழும். மூலை 4 பிக்சலாக இருக்கும்போது பார்த்துப் பார்த்து அமைத்த நிழல், பிறகு 16 பிக்சலாக மாற்றினால் வேறு மாதிரித் தெரியும்.

அடுத்தது பின்னணி நிறம். அட்டை வெள்ளை என்றால் பக்கம் மிக லேசான சாம்பலாகவோ மங்கிய கிரீமாகவோ இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் கறுப்பு நிழல் தெரியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசிப் படியில் வருகிறது.

மூன்றாவது, இடைவெளி. நிழல் பக்கத்தில் இடம் பிடிப்பதில்லை. அட்டைக்கு எவ்வளவு பெரிய நிழல் போட்டாலும் பக்கத்து அட்டை நகர்ந்து வழிவிடாது, ஸ்க்ரோல் பட்டையும் வராது. ஆகவே இடத்தை நாமேதான் விட வேண்டும். கீழ்ப்பக்கம் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது: கீழ்நோக்கிய நகர்வு (நிழல் எவ்வளவு தள்ளி விழுகிறது), மங்கல் (விளிம்பு எவ்வளவு மங்குகிறது), பரவல் (நிழல் பெட்டியைவிட எவ்வளவு பெரிதாகிறது) மூன்றையும் கூட்டுங்கள். நகர்வு 12, மங்கல் 24, பரவல் 0 என்றால் நிழல் கீழே ஏறத்தாழ 36 பிக்சல் வரை போகும்.

2. மூன்று வகையில் எது வேண்டும்?

செவ்வகப் பெட்டிக்கும் வளைந்த மூலைப் பெட்டிக்கும் பாக்ஸ்-ஷாடோ. எழுத்துக்கு டெக்ஸ்ட்-ஷாடோ. பின்னணி வெட்டிய பிஎன்ஜி படம், எஸ்விஜி லோகோ, முக்கோணமாக வெட்டிய வில்லை போன்றவற்றுக்கு ஃபில்டரில் வரும் டிராப்-ஷாடோ. நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் முதலாவதே போதும். அதனால் அதில்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறோம்.

3. ஒரு நிழலை ஒழுங்காகப் போடுங்கள்

எண்களின் வரிசை மாறாது: கிடைநகர்வு, செங்குத்து நகர்வு, மங்கல், பரவல். நிறத்தை இவற்றுக்குப் பின்னால் எழுதுவது வழக்கம்.

பாக்ஸ்-ஷாடோ: 0 4பிஎக்ஸ் 8பிஎக்ஸ் 0 சிவப்பு;

ஆமாம், சிவப்புத்தான். தொடக்கத்திலேயே லேசான சாம்பலைப் போட்டால் நிழல் எங்கே விழுகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் அட்டையைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். சிவப்பில் வடிவத்தைச் சரிசெய்த பிறகு நிறத்தை மாற்றுங்கள்.

கிடைநகர்வு கூடினால் நிழல் வலப்பக்கம் போகும், கழித்தல் குறி போட்டால் இடப்பக்கம். செங்குத்தில் கூடினால் கீழே, கழித்தால் மேலே. இந்த இரண்டு எண்களும் கட்டாயம், மங்கலும் பரவலும் விருப்பம். மூன்றே எண் எழுதினால் மூன்றாவது மங்கல்தான், பரவல் அல்ல. பரவல் மட்டும் வேண்டுமென்றால் மங்கலுக்கு 0 எழுதியே ஆக வேண்டும்.

மங்கலில் கழித்தல் எண் செல்லாது, எழுதினால் அந்த வரி முழுவதும் விழுந்துவிடும். பரவலில் செல்லும், ரொம்பப் பயனும்கூட. அட்டையின் கீழே மட்டும் நிழல் வேண்டும், பக்கவாட்டில் எட்டிப்பார்க்கக் கூடாது என்றால் மங்கல் எவ்வளவோ அவ்வளவைப் பரவலில் கழியுங்கள்:

பாக்ஸ்-ஷாடோ: 0 10பிஎக்ஸ் 8பிஎக்ஸ் -8பிஎக்ஸ் சிவப்பு;

நிழல் நாலு பக்கமும் 8 சுருங்குகிறது, மங்கல் அதே 8 வெளியே வருகிறது. பக்கவாட்டில் இரண்டும் அடிபட்டுப் போய், கீழே 10 பிக்சல் மட்டும் மிஞ்சும்.

இங்கே வரும் சில்லறைப் பிழைகள்: 0 தவிர மற்ற எண்களுக்கு அலகு எழுத மறப்பது. சதவீதத்தில் நகர்வு எழுதுவது, அது செல்லாது. நிறத்தை விட்டுவிடுவது, அப்போது அந்த உறுப்பின் எழுத்து நிறமே நிழலுக்கும் வரும். எழுத்து கடும் கறுப்பு என்றால் நிழலும் கடும் கறுப்பு.

வடிவம் சரியானதும் சிவப்பை எடுத்துவிட்டு ஒளிபுகும் கறுப்பைப் போடுங்கள்: ஆர்ஜிபி(0 0 0 / 12%). மூன்று 0 சேர்ந்தால் கறுப்பு, 12% அதன் கருமை. சாம்பல் நிறத்தை நேரடியாக எழுதாதீர்கள். சாம்பல் பின்னணியை மூடும், ஒளிபுகும் கறுப்பு பின்னணியை இருட்டாக்கும். நிறமுள்ள பின்னணியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

4. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்ப்பது

மேசையில் ஒரு கடதாசியைக் கொஞ்சமாகத் தூக்கிப் பிடியுங்கள். மேசைக்குக் கிட்ட இருக்கும் விளிம்பின் நிழல் கூர்மையாகவும் கருமையாகவும் இருக்கும், தூக்கத் தூக்க அது அகன்று வெளிறும். ஒரே ஒரு நிழல் இந்த இரண்டையும் காட்டாது. அதனால்தான் அடுக்குகிறோம்: ஒட்டி நிற்பது ஒன்று, நடுவில் ஒன்று, தொலைவில் ஒன்று.

பாக்ஸ்-ஷாடோ:
0 1பிஎக்ஸ் 2பிஎக்ஸ் ஆர்ஜிபி(0 0 0 / 12%),
0 4பிஎக்ஸ் 8பிஎக்ஸ் ஆர்ஜிபி(0 0 0 / 8%),
0 12பிஎக்ஸ் 24பிஎக்ஸ் ஆர்ஜிபி(0 0 0 / 6%);

மூன்றிலும் கிடைநகர்வு 0, ஏனென்றால் வெளிச்சம் நேர் மேலிருந்து வருகிறது என்று வைத்திருக்கிறோம். மங்கல் ஒவ்வொன்றிலும் நகர்வின் இரண்டு மடங்கு. தொலைவு கூடக் கூடக் கருமை குறைகிறது. இந்த மூன்று ஒழுங்கையும் பிடித்துக்கொண்டால் எண்களை எப்படி மாற்றினாலும் நிழல் நம்பும்படி இருக்கும். ஒரு நிழல் வலப்பக்கம், இன்னொன்று இடப்பக்கம் என்று போட்டால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

கருமையைத் தனித்தனியாக முடிவு செய்யாதீர்கள். நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் அவை சேர்ந்து கருமையாகும். மேலே உள்ள 12, 8, 6 சதவீதம் முழுமையாக ஒன்று சேர்ந்தால் ஏறத்தாழ 24 சதவீதக் கறுப்பு. மூன்றுக்கும் 20 சதவீதம் கொடுத்தால் அது 49 சதவீதம் அளவுக்குப் போய்விடும். மங்கல் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவது இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனாலும் உச்சம் எங்கே என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒவ்வொரு நிழலையும் தனி வரியில் எழுதுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. ஒரு வரியைக் கமெண்ட் ஆக்கி, அதாவது பிரவுசர் படிக்காத குறிப்பாக்கிப் பார்த்தால் எந்த நிழல் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் கடைசி வரியைக் கமெண்ட் ஆக்கும்போது அதற்கு முந்திய வரியின் காற்புள்ளி தொங்கிக்கொண்டு நிற்கும். தொங்கும் காற்புள்ளி ஒன்று போதும், மூன்று நிழலும் காணாமல் போகும். ஒரே மதிப்பு என்று சொன்னதன் முதல் விளைவு இது. ஒன்றில் பிழை என்றால் அந்த ஒன்று மட்டும் விழாது, முழு வரியும் விழும்.

இரண்டாவது விளைவையும் இங்கேயே பார்த்துவிடலாம். புதியவர்கள் பலர் பாக்ஸ்-ஷாடோ என்று மூன்று தடவை, மூன்று வரியாக எழுதுவார்கள். அவை சேராது. கடைசியாக வருவது முந்தியவற்றை அழித்துவிட்டுத் தான் மட்டும் நிற்கும்.

5. வரிசையைச் சோதிப்பது

பட்டியலில் முதலில் எழுதுவது மேலே, கடைசியில் எழுதுவது அடியில். லேசான நிழல்களில் இந்த வரிசை மாறினாலும் பெரிதாகத் தெரியாது. வளையம் போடும்போதுதான் இது கழுத்தைப் பிடிக்கும்.

சிறப்பு விற்பனையில் உள்ள சேலையின் அட்டையைச் சுற்றி 3 பிக்சல் வெள்ளை, அதற்கு வெளியே 3 பிக்சல் அரக்கு வேண்டும் என்று வையுங்கள். நகர்வும் மங்கலும் 0, பரவல் மட்டும்:

பாக்ஸ்-ஷாடோ:
0 0 0 3பிஎக்ஸ் வெள்ளை,
0 0 0 6பிஎக்ஸ் அரக்கு;

பரவல் எப்போதும் பெட்டியின் விளிம்பிலிருந்துதான் எண்ணப்படும், முந்திய வளையத்திலிருந்து அல்ல. அதனால்தான் இரண்டாவதற்கு 6. இப்போது இரண்டு வரியையும் இடம் மாற்றிப் பாருங்கள். 6 பிக்சல் அரக்கு மேலே ஏறி வெள்ளையை முழுதாக மறைத்துவிடும். வளையத்துக்குக் கீழே மென்மையான நிழலும் வேண்டுமென்றால், வளையங்கள் முதலில், நிழல்கள் பிறகு. சிறியது முன்னால், பெரியது பின்னால் என்று எழுதிப் பழகிவிட்டால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது.

வெளிநிழல் பெட்டிக்கு அடியில் வரையப்படுவதில்லை, பெட்டியின் பரப்பு அதிலிருந்து வெட்டி எடுக்கப்படும். அட்டையின் பின்னணியை ஒளிபுகும்படி செய்தாலும் உள்ளே நிழல் தெரியாததற்குக் காரணம் இது. இந்தக் குணம் எட்டாம் படியில் நமக்கு உதவும்.

6. உள்நிழல்

பொத்தான் அமுங்குவதைக் காட்டுவதற்கு இன்செட் என்ற சொல்லை நிழலின் தொடக்கத்திலோ முடிவிலோ சேர்க்க வேண்டும். எண்களுக்கு நடுவே போட்டால் வரி செல்லாது.

பாக்ஸ்-ஷாடோ: இன்செட் 0 2பிஎக்ஸ் 4பிஎக்ஸ் ஆர்ஜிபி(0 0 0 / 25%);

செங்குத்து நகர்வு கூடினால் இங்கே நிழல் மேல்விளிம்பில், உள்ளே தெரியும். குழிக்குள் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் அப்படித்தானே இருக்கும். நிறையப் பேர் இதைப் பிழை என்று நினைத்துக் கழித்தல் குறி போடுவார்கள், பிறகு பொத்தான் அமுங்குவதற்குப் பதில் புடைத்துக்கொண்டு நிற்கும்.

உள்நிழலும் வெளிநிழலும் ஒரே பட்டியலில் கலந்து வரலாம். இன்செட் என்ற சொல் அது எழுதப்பட்ட ஒரு நிழலுக்கு மட்டுமே சேரும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

உள்நிழல் பின்னணிக்கு மேலே, உள்ளடக்கத்துக்குக் கீழே வரையப்படும். ஆகவே சேலைப் படத்துக்கு நேரடியாக உள்நிழல் போட்டால் படமே அதை மறைத்துவிடும். படத்தை ஒரு டிவ்வுக்குள் (வெறும் பெட்டி உறுப்பு) வைத்து, அந்த டிவ்வின் ஆஃப்டர் போலி உறுப்பை (பக்கத்தில் எழுதாமல் சிஎஸ்எஸ்ஸே உண்டாக்கும் உறுப்பு) படத்தின் மேல் முழுதாக விரித்து, நிழலை அதற்குக் கொடுங்கள். பாயின்டர்-ஈவன்ட்ஸ் என்பதற்கு நன் (எதுவும் வேண்டாம் என்ற ஆங்கிலச் சொல்) என்று எழுத மறக்காதீர்கள், இல்லாவிட்டால் படத்தைக் கிளிக் செய்ய முடியாது.

7. நிழல்களுக்குப் பெயர் வைப்பது

கடையின் பக்கத்தில் அட்டை, மெனு, கூடைப் பெட்டி எல்லாவற்றுக்கும் நிழல் வரும். ஒவ்வோரிடத்திலும் எண்களை ஒட்டினால் ஒரு மாதத்தில் பக்கத்துக்குப் பத்து வகை நிழல் சேர்ந்துவிடும். ரூட்டில், அதாவது பக்கம் முழுவதற்குமான விதியில், மாறிகளாக (பெயர் வைத்துச் சேமித்த மதிப்புகளாக) எழுதி வையுங்கள். பாவிக்கும் இடத்தில் அந்தப் பெயரை வார்( ) என்பதற்குள் எழுத வேண்டும். தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று மூன்று உயரம் தாராளம்.

இந்த மாறிப் பெயர்களை உண்மையாகவே தமிழ் எழுத்தில் வைக்கலாம், சிஎஸ்எஸ் அதை ஏற்கிறது:

--நிழல்-தாழ்வு
--நிழல்-உயர்வு

தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் வேலை செய்யும் இடத்தில் இது நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பொறி உண்டு. கொ, கோ போன்ற எழுத்துகளின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், சிஎஸ்எஸ்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். வெவ்வேறு விசைப்பலகையில் அடிப்பவர்கள் ஒரே கோப்பில் கை வைத்தால் இது நடக்கலாம். ஒகர, ஓகார, ஔகாரம் இல்லாத சொற்களாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஆங்கிலப் பெயரோடு இருந்துவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். சிறப்பு விற்பனை அட்டைக்கு வளையம் வேண்டும், ஆனால் வழமையான நிழலும் இருக்க வேண்டும். "சிறப்பு" என்ற கிளாஸில் வளையத்தை மட்டும் பாக்ஸ்-ஷாடோவாக எழுதினால் பழைய நிழல் போய்விடும். அதே காரணந்தான், ஒரே மதிப்பு. இதற்கு வழி, அடிப்படை அட்டையிலேயே இரண்டுக்கும் இடம் ஒதுக்குவது:

--வளையம்: 0 0 ஆர்ஜிபி(0 0 0 / 0%);
பாக்ஸ்-ஷாடோ: வார்(--வளையம்), வார்(--நிழல்-தாழ்வு);

சிறப்பு கிளாஸ் இனி பாக்ஸ்-ஷாடோவைத் தொடவே தேவையில்லை, வளையம் என்ற மாறியை மட்டும் மாற்றினால் போதும். வளையம் இல்லாதபோது அதை வெறுமையாக விடாமல் கண்ணுக்குத் தெரியாத நிழலாக வைத்ததற்குக் காரணம், வெறுமையாக விட்டால் பட்டியல் காற்புள்ளியில் தொடங்கிச் செல்லாமல் போகும். நன் என்றும் எழுதக் கூடாது. அந்தச் சொல் தனியாக வந்தால்தான் செல்லும், பட்டியலுக்குள் வந்தால் செல்லாது.

மாறி கலந்த வரியில் தவறு நேர்ந்தால் பிரவுசர் அதை எழுத்தளவில் கண்டுபிடிக்காது. கணக்கிடும் நேரத்தில்தான் தெரியும், அப்போது முந்திய வரிக்குத் திரும்பாமல் நிழலே இல்லாத நிலைக்குப் போய்விடும். "நேற்று இருந்த நிழல் இன்று இல்லை, ஆனால் பிழை எதுவும் காட்டவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது மாறியின் பெயரைத்தான்.

இன்னொன்று. நிழலின் நிறத்தைத் தனி மாறியாக ரூட்டில் வைத்து, நிழல் மாறியையும் ரூட்டிலேயே எழுதினால், நிறம் அங்கேயே கணக்கிடப்பட்டு முடிந்துவிடும். பிறகு இருண்ட பகுதியில் நிற மாறியை மட்டும் மாற்றினாலும் நிழல் மாறாது. நிழல் மாறியையும் அந்தப் பகுதியில் மறுபடி எழுத வேண்டும்.

8. மவுஸ் மேலே வரும்போது

தாழ்வு நிழலிலிருந்து உயர்வு நிழலுக்கு டிரான்சிஷன் (படிப்படியான மாற்றம்) போட்டால் பிரவுசர் இரண்டு பட்டியலையும் இடம் பார்த்துச் சோடி சேர்க்கும்: முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது. ஒன்றில் மூன்று, மற்றதில் இரண்டு என்றால் குறைவான பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத நிழல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் சிக்கல் வராது. ஆனால் ஒரு சோடியில் ஒன்று உள்நிழலாகவும் மற்றது வெளிநிழலாகவும் இருந்தால் மென்மையான மாற்றம் கிடையாது, ஒரே தாவல்தான். பொத்தானில் இதைப் பார்க்கலாம். இரண்டு நிலையிலும் உள்நிழல் ஒன்று, வெளிநிழல் ஒன்று என்று அதே வரிசையில் எழுதி, தேவையில்லாததன் கருமையை 0 ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

அட்டைகள் நிறைய இருக்கும் பக்கத்தில் நிழலையே அசைப்பது எனக்குப் பிடிக்காது. மங்கல் மாறும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிரவுசர் மீண்டும் வண்ணம் தீட்ட வேண்டும், விலை குறைந்த போனில் அது தெரியும். உயர்வு நிழலை ஆஃப்டர் போலி உறுப்பில் முன்கூட்டியே போட்டு வைத்து, அதன் ஒபாசிட்டியை மட்டும் 0 இலிருந்து 1 ஆக்குங்கள். செய்யும் வரிசை: அட்டைக்குப் பொசிஷன் ரிலேட்டிவ். ஆஃப்டருக்கு வெற்று உள்ளடக்கம், பொசிஷன் ஆப்சலூட், நாலு பக்கமும் 0, மூலை வளைவு இன்ஹெரிட், உயர்வு நிழல், ஒபாசிட்டி 0, பாயின்டர்-ஈவன்ட்ஸ் நன், 200 மில்லிசெக்கன் டிரான்சிஷன். அட்டையில் ஹோவர் வரும்போது ஆஃப்டரின் ஒபாசிட்டி 1. வெளிநிழல் பெட்டிக்குள் வரையப்படாது என்பதால் ஆஃப்டர் மேலே விரிந்திருந்தாலும் படத்தையோ விலையையோ இருட்டாக்காது.

இதில் எல்லாரும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. படத்தின் மூலைகளை வளைக்க அட்டைக்கு ஓவர்ஃபுளோ ஹிடன் (பெட்டிக்கு வெளியே வழிவதை மறைப்பது) போட்டிருப்பார்கள். அட்டையின் சொந்த நிழலை அது வெட்டாது, ஆனால் ஆஃப்டர் அட்டையின் பிள்ளை. பிள்ளையின் நிழலை வெட்டிவிடும். ஓவர்ஃபுளோவை எடுத்துவிட்டுப் படத்தின் மேல் மூலைகள் இரண்டுக்கும் நேரடியாக வளைவு கொடுங்கள்.

தொடுதிரையில் விரல் எடுத்த பிறகும் ஹோவர் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். மீடியா வினவலில் (கருவியின் தன்மையைப் பார்த்துச் செல்லும் விதியில்) ஹோவர் வசதி இருக்கும் கருவிகளுக்கு மட்டும் இதை ஒதுக்கிவிடுங்கள்.

9. எழுத்துக்கு நிழல், குறிப்பாகத் தமிழ் எழுத்துக்கு

டெக்ஸ்ட்-ஷாடோவில் நகர்வு இரண்டு, மங்கல், நிறம். பாவனையில் பரவலும் இல்லை, இன்செட்டும் இல்லை. பாக்ஸ்-ஷாடோ வரியை அப்படியே எடுத்து ஒட்டினால் நாலாவது எண் இருப்பதால் வேலை செய்யாது.

படத்தின் மேல் வெள்ளை எழுத்து வாசிக்கத்தான் இது அதிகம் தேவைப்படும். ஒன்று எழுத்தை ஒட்டி, ஒன்று அகலமாக:

டெக்ஸ்ட்-ஷாடோ:
0 0.03இஎம் 0.06இஎம் ஆர்ஜிபி(0 0 0 / 70%),
0 0 0.5இஎம் ஆர்ஜிபி(0 0 0 / 40%);

இஎம் அலகில் எழுதினால் எழுத்தின் அளவோடு நிழலும் கூடிக் குறையும். பிக்சலில் எழுதினால் கணினியில் 40 பிக்சல் தலைப்புக்கு அளவாக இருந்தது போனில் 22 பிக்சல் தலைப்பை விழுங்கிவிடும். தமிழில் இது இன்னும் கண்டிப்பாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சின்னது. ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிக்குள்ளும் இடம் குறைவு. கருமையான நிழல் அங்கே நிரம்பினால் "பட்டு" என்பதில் ட் எது, டு எது என்று தடவ வேண்டியிருக்கும். "கண்ணைக் கவரும் வண்ணங்கள்" மாதிரி ஒரு வரியை அடித்து, போன் அளவில் வாசித்துப் பாருங்கள். கொழும்புக் கடைப் பக்கம் என்றால் பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும் கூடவே வரும், அதே தலைப்பை மூன்றிலும் பாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்த நிழல் மற்ற இரண்டிலும் அநேகமாகக் கனத்துப் போயிருக்கும்.

டெக்ஸ்ட்-ஷாடோ பிள்ளைகளுக்கும் இறங்கும், பாக்ஸ்-ஷாடோ இறங்காது. பெரிய படப் பகுதிக்கு எழுத்து நிழல் கொடுத்தால் அதற்குள் இருக்கும் பொத்தானின் எழுத்துக்கும் வரும். பொத்தானில் நன் என்று எழுதி நிறுத்துங்கள்.

எழுத்துக்குள் நிறச்சாயல் ஓடவிட, பின்னணியை எழுத்து வடிவில் வெட்டி எழுத்து நிறத்தை ஒளிபுகும்படி செய்வதுண்டு. அதில் டெக்ஸ்ட்-ஷாடோ போட்டால் நிழல் நிறச்சாயலுக்கு மேலே வந்து உட்கார்ந்துவிடும், ஏனென்றால் அந்தச் சாயல் பின்னணிதானே. அங்கே டிராப்-ஷாடோவைப் பாவியுங்கள்.

10. வெட்டிய வடிவங்களுக்கு டிராப்-ஷாடோ

பின்னணி வெட்டிய நகைப் படத்துக்குப் பாக்ஸ்-ஷாடோ போட்டால் நகையைச் சுற்றி அல்ல, கண்ணுக்குத் தெரியாத செவ்வகத்தைச் சுற்றி நிழல் விழும். டிராப்-ஷாடோ படத்தின் உருவத்தைப் பார்த்து விழும். ஒரு டிராப்-ஷாடோவுக்குள் ஒரு நிழல்தான். பல வேண்டுமென்றால் அதையே திரும்பத் திரும்ப எழுதி நடுவில் வெறும் இடைவெளி விட வேண்டும், காற்புள்ளி கூடாது.

ஃபில்டர்: டிராப்-ஷாடோ(0 1பிஎக்ஸ் 1பிஎக்ஸ் ஆர்ஜிபி(0 0 0 / 20%)) டிராப்-ஷாடோ(0 6பிஎக்ஸ் 8பிஎக்ஸ் ஆர்ஜிபி(0 0 0 / 15%));

இங்கே நிழல்கள் தனித்தனி அல்ல. இரண்டாவது, படத்துக்கும் முதல் நிழலுக்கும் சேர்த்து நிழல் போடும். மூன்றாவது வந்தால் கனம் வேகமாக ஏறும். இரண்டோடு நிறுத்துவது நல்லது.

கிளிப்-பாத் வைத்து வெட்டிய விலை வில்லைக்கு அந்த உறுப்பிலேயே நிழல் போட்டால் நிழலும் சேர்ந்து வெட்டுப்படும். ஃபில்டரைப் பெற்றோர் உறுப்புக்குக் கொடுங்கள். ஆனால் பக்கம் முழுவதையும் சுற்றியிருக்கும் டிவ்வுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஃபில்டர் இருக்கும் உறுப்புக்குள் பொசிஷன் ஃபிக்ஸ்ட் திரையைப் பிடித்து நிற்காது, அடியில் ஒட்டியிருந்த வாட்ஸ்அப் பொத்தான் பக்கத்தோடு உருண்டு போய்விடும்.

11. நிழல் தெரியவில்லை என்றால்

எண்களைக் கூட்டுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். குரோமில் இன்ஸ்பெக்ட் திறந்து அந்த வரியில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு கோடு என்றால் எழுத்துப் பிழை, வெறும் கோடு என்றால் வேறு விதி அதை வென்றிருக்கிறது. வரி சரியாக இருந்தால் பக்கத்தில் சின்னச் சதுரக் குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தி, நகர்வையும் மங்கலையும் இழுத்து மாற்றிப் பார்க்கலாம்.

வரி செல்லுபடியாகி நிழல் மட்டும் வெட்டுப்பட்டால் பெற்றோரின் ஓவர்ஃபுளோவைப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் அட்டை வரிசையில் இது கட்டாயம் வரும். கிடையாக ஆட்டோ போட்டவுடன் செங்குத்தும் தானாக ஆட்டோ ஆகிவிடும், அட்டைகளின் அடிநிழல் நேர்கோடாக அறுந்து நிற்கும். அந்த வரிசைக்குக் கீழே, முதற்படியில் போட்ட கணக்கின்படி 36 பிக்சல் பேடிங் விட்டு, தேவையானால் அதே அளவு மார்ஜினைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மேல்பட்டையின் நிழல் தெரியவில்லையென்றால் அடுத்து வரும் பகுதியின் பின்னணி அதை மூடியிருக்கும். பட்டைக்குப் பொசிஷன் ரிலேட்டிவ், இசட்-இன்டெக்ஸ் 1 கொடுங்கள்.

அளவு அட்டவணையின் ஒரு வரிசைக்கு நிழல் கேட்கிறார்களா? பார்டர்-கொலாப்ஸ் என்பதன் மதிப்பு கொலாப்ஸ் என்று இருந்தால் அட்டவணையின் உள்ளுறுப்புகளுக்குப் பாக்ஸ்-ஷாடோ பொருந்தாது என்பதே விதி. செப்பரேட் என்று மாற்றி இடைவெளியை 0 ஆக்குங்கள்.

12. கையை எடுக்குமுன்

போனை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் மத்தியான வெயிலில் 6 சதவீத நிழல் யாருக்கும் தெரியாது. அட்டையின் எல்லையை நிழல் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால் அட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடும். 1 பிக்சல் லேசான பார்டரும் இருக்கட்டும்.

இருண்ட தோற்றத்தில் நிழலைக் கருமையாக்கிப் பயனில்லை. எழும்பி நிற்க வேண்டிய அட்டையின் பின்னணியைப் பக்கத்தைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள். மேல்விளிம்பில் இன்செட் 0 1பிஎக்ஸ் 0 என்று 8 சதவீத வெள்ளைக் கோடு ஒன்று போட்டால் விளிம்பும் தெரியும்.

விண்டோஸின் உயர் மாறுபாட்டு நிலையில் பாக்ஸ்-ஷாடோவும் டெக்ஸ்ட்-ஷாடோவும் அணைக்கப்படும். விசைப்பலகையில் நகர்பவருக்கு எங்கே நிற்கிறோம் என்று காட்டும் வளையத்தை நிழலால் மட்டும் செய்திருந்தால் அங்கே அவருக்கு ஒன்றுமே தெரியாது. வளையத்தை அவுட்லைன், அவுட்லைன்-ஆஃப்செட் இரண்டாலும் செய்யுங்கள். நிழல் வளையம்தான் வேண்டும் என்றால் கூடவே ஒளிபுகும் நிறத்தில் 2 பிக்சல் அவுட்லைன் வையுங்கள், அந்த நிலையில் அதற்குத் தானாகவே நிறம் வந்துவிடும்.

அச்சுக்கான மீடியா விதியில் எல்லா நிழலையும் நன் ஆக்கிவிடுங்கள். கடைக்காரர் விலைப்பட்டியலைப் பிரின்ட் எடுத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டத்தான் போகிறார். கடைசியாக ஒவ்வொரு நிழல் வரியையும் ஒருமுறை கமெண்ட் ஆக்கிப் பாருங்கள். எடுத்தும் வித்தியாசம் தெரியாத வரி திரும்ப வர வேண்டாம்.